காத்திருப்போர் வரைபடம்

வெள்ளவத்தை, கொழும்பு 06
2025 யூன் 9

தம்பி சயந்தனுக்கு,

உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டதென்று பயந்திருப்பாய். அம்மா சுகமாக இருக்கிறார். நான் இதை எழுதும்போது அடுப்பில் பருப்பு கொதிக்க, அவர் குசினியில் நின்று போனில் த்ரீவீல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் கம்பனியின் ஓட்டோ விளையாட்டு 'டுக் ராஜா'தான். சைக்கிள்கூட மிதித்தறியாத மனுஷி, அறுபத்தாறு வயதில் பஸ்ஸை முந்துகிறார், ஏறி இறங்குகிற சனத்தை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். நீ வேலை செய்கிற இடத்து விளையாட்டு என்று தெரிந்துதான் விளையாடுகிறார். உன் பெயரை மட்டும் எடுப்பதில்லை.

ஒரே நகரத்துக்குள் கடிதமா என்று உன் மனைவி லெட்சுமி சிரிக்கக்கூடும். இரண்டு வருடம் கதைக்காதவள் ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே என்று நீயும் நினைப்பாய். போனில் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று வாசித்தால் விளங்கும்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சுற்றிவளைத்தால் எழுதாமலே விட்டுவிடுவேன். என் இடது மார்பில் ஒரு கட்டி. போன மாதம் குளிக்கும்போது கையில் பட்டது. ஒஃபிசுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசியால் சதை எடுத்தார்கள், மறுமொழி இன்னும் வரவில்லை. நான் போனது ஒருவருக்கும் தெரியாது. போனில் தேடிக்கூடப் பார்க்கவில்லை, தேடினால் உண்மையாகிவிடும் என்ற பயம். டொக்டருக்காகக் காத்திருந்த நேரம் கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுக்கத்தான் 'டுக் ராஜா'வைத் திறந்தேன். அடுத்த முறை போனபோதும் அப்படித்தான்.

பிறகு ஒரு பின்னேரம் வீட்டில் இருந்து விளையாடினேன். விளையாட்டில் கடற்கரைப் பக்கம் திரும்புகிற சந்தி ஒன்று வரும். அங்கே நிற்கும் பெரிய விளம்பரப் பலகையில் வழக்கமாகத் தேயிலையோ சவர்க்காரமோ இருக்கும். அன்றைக்கு அதில் தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். 'புற்றுநோயா? நீங்கள் தனியாக இல்லை' என்று தமிழில் எழுதியிருந்தது. கீழே ஏதோவொரு ஆஸ்பத்திரியின் பெயர். அடுத்த சந்தியில் பொய்முடிக் கடை விளம்பரம். முன்னால் போன பஸ்ஸின் முதுகில் நோயாளிகளுக்கான சத்துமா.

தம்பி, என்னைப் பெற்றவளுக்குத் தெரியாதது அந்தப் பலகைக்குத் தெரிந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வெறும் பயம் என்று சொல்லமாட்டேன். த்ரீவீலை ஓரமாக நிறுத்திவிட்டு, திருவிழாவில் தேரைப் பார்க்கிற மாதிரி அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக என்னை ஒருவரும் பார்த்ததில்லை. இந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டு பார்ப்பது யார்?

நான் கதைப்பதைப் போன் கேட்கிறதா? டொக்டரின் அறையில் அது கைப்பைக்குள்தான் கிடந்தது. இதற்கு ஒளிக்காமல் பதில் எழுது. தபாலில் எழுது. அம்மாவுக்கு ஒரு சொல் போகக்கூடாது. அப்பாவை அந்த நோயோடு வைத்துப் பார்த்துக் களைத்த மனுஷி, இன்னொரு தரம் தாங்கமாட்டார். உன் கலியாணத்துக்கு நான் வராத கோபம் இருந்தால் இருக்கட்டும். உனக்கும் சொல்லாமல் விட்டிருப்பேன், ஆனால் உன் கம்பனிக்குத் தெரிந்தபின் உனக்கு மறைத்து என்ன பயன்?

மேனுகா


கொட்டாஞ்சேனை, கொழும்பு 13
2025 யூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றபடியே வாசித்தேன். லெட்சுமி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அவள் சிரிக்கவில்லை அக்கா, அழுதாள். உங்களை அவள் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

இன்றைக்கே வருகிறேன் என்று எழுதக் கை போகிறது. நான் படியேறினால் அம்மா கதவைச் சாத்துவார், பிறகு ஏன் வந்தான் என்று உங்களைக் குடைவார். தேயிலைத் தோட்டத்து மலையகப் பெண்ணைக் கட்டினவனுக்கு இந்த வீட்டில் தண்ணீர்கூட இல்லை என்று சொன்னவர் அல்லவா? ஆனாலும் நீங்கள் வா என்றால் வருவேன். மறுமொழி கிடைத்த உடனே எழுதுங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போன் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. விளையாட்டை முதன்முதலில் திறந்தபோது, நீங்கள் இருக்கும் இடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா என்று அது கேட்டிருக்கும். ஓம் என்று தட்டியிருப்பீர்கள். எல்லாரும் தட்டுவார்கள், அதை வாசிக்கிற ஒருவரை நான் இன்னும் காணவில்லை. நீங்கள் எங்கே இருந்து விளையாடுகிறீர்கள், எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தீர்கள், அதே இடத்துக்குத் திரும்ப வந்தீர்களா, இவை போதும். புற்றுநோய்ப் பிரிவின் வாசலில் ஒருவர் இரண்டு தரம் நெடுநேரம் இருந்து விளையாடினால் மிச்சத்தை இயந்திரம் தானே கூட்டிக் கழித்துவிடும்.

அக்கா, இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இந்த யோசனை என்னுடையது. ஆட்கள் எப்போது விளையாடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தேன். சந்தோஷமாக இருக்கும்போது இல்லை, சும்மா இருக்கும்போதும் இல்லை. காத்திருக்கும்போது விளையாடுகிறார்கள். அப்படியானால் எங்கே காத்திருக்கிறார்கள் என்று பார்த்து விளம்பரம் வைக்கலாமே என்று சொன்னேன். அதற்கு 'காத்திருப்போர்' என்று பெயரும் வைத்தேன்.

முதல் முறை நுகேகொடை ஒஃபிசில் அதைச் சுவரில் போட்டுக் காட்டினோம். வீதி இல்லை, பெயர் இல்லை, கறுப்பு நிறம் மட்டும். அதன்மேல் அந்த நேரம் காத்திருந்த ஆட்கள் மஞ்சள் புள்ளிகளாக வந்தார்கள். ஒரு நிமிஷத்தில் கொழும்பு தானாக எழுந்து நின்றது. கடவுச்சீட்டு எடுக்கிற இடம் ஒரு பெரிய கொத்து. சிறைச்சாலை வாசலில் ஒரு கோடு. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் டியூஷன் முடியும்வரை நிற்கிற தாய்மார். நீதிமன்றம், விசா ஒஃபிஸ், ஆஸ்பத்திரிகள். இந்தச் சனம் எதற்கு ஆசைப்படுகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று மண்ணில் எழுதிவைத்த மாதிரி இருந்தது. ஆகாயத்தில் இருந்து பார்க்கிற ஒருவருக்குத்தான் ஊர் இப்படித் தெரியும் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. பிறகு முதலாளி கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள்.

பெருமையாக இருந்தது அக்கா. உங்கள் கடிதம் வரும்வரை இருந்தது. அந்தப் புள்ளிகளில் ஒன்று நீங்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

சயந்தன்


வெள்ளவத்தை
2025 யூன் 20

தம்பி,

மறுமொழி வந்துவிட்டது. அதுதான். பரவுவதற்கு முன் வெட்டி எடுக்க வேண்டும், தாமதிக்காதீர்கள், யூலைக் கடைசியில் நாள் தரலாம் என்று டொக்டர் சொன்னார். நான் ஆடி கழியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனுஷன் தமிழர்தான், ஆடியில் நல்ல காரியம் வைப்பதில்லை என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இது நல்ல காரியமா கெட்ட காரியமா என்று எனக்கே தெரியவில்லை. உண்மையில் ஆடிக்காக இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எத்தனை நாளைக்கு முடியும் என்று பார்க்கிறேன்.

உன் வரைபடத்தைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டுக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிறகு இன்னொரு தரம் வாசித்தேன். அழகாகத்தான் இருந்திருக்கும், எனக்கு அதைப் பார்க்க ஆசையாகக்கூட இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் கொலன்னாவையைச் சேர்ந்த ஒரு பெரிய உடம்புக்காரர் இருந்தார். சாரமும் வெள்ளைச் சேர்ட்டும். மனைவியை உள்ளே விட்டிருந்தார். அவரும் 'டுக் ராஜா'தான் விளையாடினார், பாலத்தில் ஏறத் தெரியாமல் திரும்பத் திரும்பக் கால்வாய்க்குள் விழுந்தார். நான் எப்படி என்று காட்டிக்கொடுத்தேன். ஏறினதும் அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார், எல்லாரும் திரும்பிப் பார்க்க வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார். அந்தச் சிரிப்பும் உங்கள் சுவரில் ஒரு மஞ்சள் புள்ளி. அதற்குத்தான் உன் முதலாளி கைதட்டினார்.

இன்னொன்று. அம்மாவின் போக்கு சரியில்லை. பெட்டியைத் திறந்து கூறைச்சேலையைத் தவிர எல்லாச் சேலையையும் கீழ்வீட்டு இரத்தினசிங்கத்தாரின் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். சீனி வருத்தத்தை வைத்துக்கொண்டு ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இனியென்ன பிள்ளை" என்றார். முந்தாநாள் உன் வீடு கொட்டாஞ்சேனையில் எந்தப் பக்கம் என்று கேட்டார். என் விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நீ ஏதாவது உளறினாயா?

மேனுகா


கொட்டாஞ்சேனை
2025 யூன் 29

அக்காவுக்கு,

நான் ஒன்றும் உளறவில்லை. ஆனால் அம்மா வந்தார். கோயிலுக்குப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு, த்ரீவீல் பிடித்து, பெரிய கோயிலடியில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்த லெட்சுமி இரண்டு கையையும் கூப்பினாள். "வாங்க அத்தை" என்றாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாமி எண்டு கூப்பிடு பிள்ளை, எங்கட பக்கம் அப்பிடித்தான்" என்றார். இரண்டு வருடமாக நான் காத்திருந்த சொல் அக்கா அது.

சாப்பிட்டார். சம்பலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு லெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பிறகு உங்களைத் தனிய விட்டுவிடவேண்டாம் என்று கேட்டார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியும் தம்பி. நீயும் அக்காவும் என்னட்டை மறைக்கிறது தெரியும்."

எனக்கு ஒரு பாரம் இறங்கினமாதிரி இருந்தது. உங்கள் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

"டொக்டர் எனக்கு எவ்வளவு காலம் எண்டு சொன்னவர்?"

அக்கா, தனக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. அம்மா கணக்கை விரித்தபோது எனக்கே மறுக்க முடியவில்லை. சீனி வருத்தத்துக்கு எடுத்த இரத்தத்தின் மறுமொழியை நீங்கள் காட்டவே இல்லையாம். நீங்கள் இரண்டு மாதமாகச் சண்டை பிடிக்கவில்லையாம். கதவைச் சாத்திவிட்டு யாரோடோ போனில் கதைக்கிறீர்களாம். கேட்காமலே திராட்சைப்பழம் வாங்கி வருகிறீர்களாம். கதைபேச்சில்லாமல் இருந்த நாம் இரண்டு பேரும் திடீரென்று கடிதம் எழுதுகிறோமாம், போனில் கதைத்தால் தனக்குக் கேட்கும் என்று. "உங்கட அப்பாவுக்கு நாங்கள் செய்தது இதைத்தானே," என்றார். அப்பாவுக்கும் தெரியுமாம் அக்கா. பிள்ளைகளுக்குத் தெரிந்ததாகக் காட்டாதே என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டாராம். நாம் இரண்டு பேரும் அவருக்கு மறைக்க, அவரும் அம்மாவும் நமக்கு மறைத்திருக்கிறார்கள்.

இதெல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பலகை. ஒரே வைஃபையில் இருக்கிற போன்களை ஒரு குடும்பம் என்று எங்கள் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். ஒருவருக்குத் தேவையானதை வீட்டில் எல்லாருக்கும் காட்டும். உங்களுக்கு வந்த பலகை நெடுக அம்மாவுக்கும் வந்திருக்கிறது. அம்மா அதைப் பற்றிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ அங்க வேலை செய்யிறாய். வாயால சொல்ல உனக்கு வழியில்லை, நான்தானே கதவைச் சாத்தினனான். அதுதான் நான் போற ரோட்டில எழுதிப் போட்டிருக்கிறாய், நீங்கள் தனியாக இல்லை எண்டு. அதை வாசிச்சுப்போட்டு நான் எப்பிடி வராமல் இருக்கிறது?"

நான் எழுதவில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு ஆஸ்பத்திரிக்காரர் வாங்கிய இடம், அதை விற்ற இயந்திரம், அந்த இயந்திரத்துக்குப் புத்தி சொல்லிக்கொடுத்த நான். அந்த ஒரு வரியைத் தன் மகன் தனக்கு எழுதிய கடிதம் என்று அம்மா நினைத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிடவேண்டும் போலவும் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். த்ரீவீலில் ஏற்றிவிட்டேன்.

என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

சயந்தன்


வெள்ளவத்தை
2025 யூலை 4

தம்பி,

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் வைத்து வாசித்தேன், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததால் குழாயைத் திறந்துவிட்டேன். வாங்கி வந்த திராட்சைப்பழம் எனக்கு டொக்டர் சொன்னது. தனியச் சாப்பிட்டால் சந்தேகம் வரும் என்று அம்மாவுக்கும் கொடுத்தேன். என் கெட்டித்தனத்தைப் பார்.

நீ தலையாட்டியதற்கு உன்னை ஏச வேண்டும். ஏச முடியவில்லை, ஏனென்றால் நானும் ஒன்றும் சொல்லாமல்தான் இருக்கிறேன். நீ அம்மாவை ஒரு மத்தியானம் பார்த்தாய், நான் நெடுகப் பார்க்கிறேன். சாகப்போகிறேன் என்று நினைக்கிற இந்த அம்மாவை எனக்கு இதற்கு முன் தெரியாது. பயந்த சுபாவம் என்றுதானே நாம் நினைத்திருந்தோம். வீட்டுக்காரனோடு தண்ணீர்க் குழாய்க்காகச் சிங்களத்தில் சண்டை பிடித்துத் திருத்துவித்தார். பழைய கோபத்தில் கதைக்காமல் விட்ட எல்லாரையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சுகம் விசாரிக்கிறார். காலையில் கடற்கரைக்குப் போய்த் தண்டவாளத்துக்கு அங்கால் கல்லில் இருந்து கடலைப் பார்க்கிறார். நானென்றால் கட்டிலை விட்டு எழும்பியிருக்கமாட்டேன். எனக்கும் அதே செய்திதான் வந்தது, நான் ஆடியைச் சாட்டி ஒளித்துத் திரிகிறேன்.

உண்மையைச் சொன்னால் இந்த அம்மா போய்விடுவாரோ என்று பயம். அதைவிட, தனக்கில்லை மகளுக்கு என்று கேட்கிற அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைக்க எனக்கு முடியவில்லை. இப்படியே விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வருகிறது. வந்ததை உனக்கு எழுதுகிறேன், வேறு ஒருவருக்கும் சொல்ல முடியாது.

பின்னேரத்தில் அவர் விளையாடும்போது நான் பின்னால் நின்று பார்த்தேன். அந்தச் சந்தி வந்ததும் த்ரீவீலை மெதுவாக்குகிறார். பலகைக்கு முன்னால் நிறுத்துகிறார். பின்னால் இருக்கிற சனம் அவசரப்படுத்தினால், "பொறுங்கோ, என்ர பிள்ளை எழுதினது" என்கிறார். விளையாட்டுக்குள் இருக்கிற பொம்மைச் சனத்திடம் சொல்கிறார் தம்பி.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்தப் பலகையை உன்னால் எடுக்க முடியுமா? எடு என்று இன்னும் சொல்லவில்லை. முடியுமா என்று மட்டும் கேட்கிறேன்.

மேனுகா


கொட்டாஞ்சேனை
2025 யூலை 11

அக்காவுக்கு,

முடியும். எடுத்தும்விட்டேன். நீங்கள் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும், ஆனால் ஒஃபிசில் நடந்தது அப்படி.

முதலில் முறையாகத்தான் போனேன். ஆஸ்பத்திரி வாசல்களைக் 'காத்திருப்போர்' கணக்கில் இருந்து எடுத்துவிடுவோம் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் நல்ல மனுஷன், கோபிக்கவில்லை. "தம்பி, விளம்பரக்காரர் கேட்டு வருவதே அந்த இடங்களுக்காகத்தானே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். ஒருவரும் சட்டத்தை மீறவில்லை, எல்லாரும் ஓம் என்று தட்டித்தான் வந்தார்கள் என்றார். அதுவும் உண்மை.

உங்களையும் அம்மாவையும் மட்டும் எடுத்துவிட்டு எழும்பியிருக்கலாம். கொலன்னாவைக்காரரின் சிரிப்பைப் பற்றி எழுதினீர்களே, அது மனதை விட்டுப் போகவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் நகரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் எடுத்தேன். அந்த வாசல்களில் இருந்து விளையாடினவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இனிப் பலகை நின்ற இடத்தில் வெறும் சுவர்தான், சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். எடுத்துவிட்டு வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். மஞ்சளுக்கு நடுவில் அங்கங்கே நல்ல கறுப்பு. ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. முதல் நாள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது வந்த அதே மலைப்பு எனக்கு வந்தது அக்கா, ஒருவேளை அதைவிடக் கூடுதலாக.

கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். லெட்சுமி நல்லது என்கிறாள். திரும்பவும் பழையபடி போட்டுவிடுவார்கள் என்று தெரியும், ஆனால் உங்கள் இரண்டு போனையும் இனிச் சேர்க்கமாட்டார்கள். அதை மட்டும் வாயால் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

எழும்புவதற்கு முன் ஒரு ஆசை வந்தது. அம்மாவின் போனுக்கு மட்டும் அந்தச் சந்தியில் உண்மையாகவே நான் ஒரு வரி எழுதிப்போடலாம். கை போனது. விட்டுவிட்டேன். அது இன்னொரு பொய்யாக இருந்திருக்கும்.

அம்மாவிடம் சொல்லுங்கள். நான் எழுதவில்லை என்பதையும் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். அதற்கு முன் டொக்டரிடம் நாளைக் கேளுங்கள் அக்கா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சயந்தன்


வெள்ளவத்தை
2025 யூலை 17

தம்பி சயந்தனுக்கு,

சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு ஆடிப்பிறப்பு. அம்மா விடியவே எழும்பிக் கூழ் காய்ச்சினார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கூழைத் துழாவியபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார். "சந்தியில பலகையைக் காணேல்லை. தம்பி எடுத்திட்டான். அப்ப கிட்டவாக்கும், என்ன?"

பலகை போனதற்கும் ஒரு அர்த்தம் வைத்திருந்தார். அந்தச் சுவரைப் பார்த்துத் தன் நாள் வந்துவிட்டதென்று முடிவெடுத்து, அதற்குப் பிறகும் எழும்பி நமக்காகக் கூழ் காய்ச்சிக்கொண்டு நின்றார். எனக்கு அதற்கு மேல் ஒளிக்கத் தைரியம் இருக்கவில்லை. "அது உங்களுக்கில்லை அம்மா, எனக்கு" என்றேன்.

கூழ்ப் பானையை இறக்கி வைத்தார். அடுப்பை அணைத்தார். எங்கே என்று கேட்டார், காட்டினேன். சட்டைக்கு மேலாலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கை சூடாக இருந்தது.

பிறகு ஏச்சு தொடங்கியது. இவ்வளவு நாளும் தன்னைச் சாகவிட்டுவிட்டா பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார். வெட்டச் சொன்னதை ஆடிக்காக ஒத்திவைத்தேன் என்று கேட்டதும் குரல் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். "ஆடியென்ன ஆவணியென்ன, அது நாள் பாத்தே வளருது?" என்று என் போனைப் பிடுங்கி டொக்டரின் இடத்துக்குத் தானே எடுத்துக் கதைத்தார். வாற செவ்வாய்க்கிழமை கிடைத்திருக்கிறது. செவ்வாயில் நகம்கூட வெட்டவிடாத மனுஷி, டொக்டர் தந்தால் அது நல்ல நாள் என்றுவிட்டார். இனி ஒருவருக்கும் ஒருவரும் வருத்தத்தை மறைக்கக்கூடாது என்று டொக்டருக்கும் சேர்த்துக் கட்டளை. அதோடு விட்டாரா, இரத்தினசிங்கத்தாரின் மனைவியைப் படியில் மறித்து இரண்டு சேலையைத் திரும்ப வாங்கிவிட்டார், மிச்சம் செத்தபிறகு எடுக்கலாமாம்.

உன் விஷயமும் சொன்னேன். பலகையை நீ எழுதவில்லை, யாரோ ஆஸ்பத்திரிக்காரர் காசு கட்டிப் போட்டது, என்னைப் பின்தொடர்ந்து வந்தது, அதை உன் இயந்திரம்தான் செய்தது, எடுத்ததற்காக உன்னை வீட்டில் இருத்தியிருக்கிறார்கள் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அது அவருக்கு என் கட்டியைப் போலவே வலித்தது. போய் யன்னலைத் திறந்துவிட்டார். பிறகு, "எழுதாட்டி என்ன? நான் அவன்ர வீட்டுக்குப் போனனான்தானே. போன வீட்டைப் போகேல்லை எண்டு இனி ஆக்க ஏலாது" என்றார். செவ்வாய் விடிய நீயும் லெட்சுமியும் நேரே இங்கே வரவேண்டுமாம், ஒன்றாகப் போவோமாம். கதவு சாத்தியிருக்காது.

எனக்குப் பயம் போகவில்லை தம்பி. வெட்டுவார்கள், பிறகு மருந்து ஏற்றுவார்கள், தலைமயிர் போகும், அதற்குப் பிறகு என்னவென்று டொக்டருக்கும் தெரியாது. ஆனால் இன்றைக்கு முழுக்க நான் அம்மாவை வாய் பிளந்து பார்த்துக்கொண்டுதான் திரிகிறேன். அவர் முகம் எப்படி மாறும் என்று பயந்தேனே, அது மாறிய விதத்தை மேலே எழுதாமல் விட்டேன், எழுத வரவில்லை. இப்போது எழுதுகிறேன். என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றபோது, ஏசுவதற்கு முன்னால், அம்மா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். சந்தோஷமா துக்கமா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, தனக்குத்தானே கணக்குப் பார்த்தவர் மாதிரிச் சொன்னார்.

"அப்ப எனக்குக் காலம் இருக்கு. உன்னைப் பாக்கக் காலம் இருக்கு."

அக்கா